கிழக்குச் சரிவில் ஒரே ஒரு புள்ளி

பரிபூரணம் அன்றைக்குப் பதினோராவது மரத்தில் கம்பியை விட்டுக் குடைந்துகொண்டிருந்தாள். மாங்காய்க் காலம் முடிந்து ஆவணி பிறந்துவிட்டால் அவளுக்கு இதுதான் வேலை. அடிமரத்தில் மரத்தூள் புட்டு மாதிரிக் குவிந்து கிடந்தால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். துளையைத் தேடிப் பிடித்து, முனை வளைந்த கம்பியை உள்ளே விட்டுத் திருகி இழுக்க வேண்டும். விரல் தண்டிக்கு ஒரு வெள்ளைப் புழு நெளிந்துகொண்டு வெளியே வரும். வராவிட்டால் மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சைத் திணித்துக் களிமண்ணால் வாயை அடைத்துவிட வேண்டும்.

கம்பியை விடுவதற்கு முன்னால் மரத்தில் காதை ஒட்டிக் கேட்பாள். கறுக், கறுக் என்று உள்ளே அரைபடும் சத்தம் கேட்கும். அவள் புருசன் சங்கையா பழக்கிவிட்ட வித்தை அது. அவன் போன பிறகு அந்தச் சத்தம் மரத்தோடு நிற்கவில்லை. காவல் வீட்டுக் கதவு நிலையில் கேட்டது, கட்டிலில் கேட்டது, சில சமயம் காற்றில்லாத மத்தியானங்களில் தோப்பு முழுக்கக் கேட்டது. மகள் செல்லக்கனியிடம் சொன்னால், "எனக்கு ஒண்ணும் கேக்கலியே எம்மா" என்பாள்.

ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோவிலுக்குப் போகிற பாதையில் இருந்தது தோப்பு. முக்கால்வாசி சப்பட்டை ரக மாமரங்கள். மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலை. சங்கையா அந்த மலைக்குத்தான் போனான். எண்பத்தஞ்சாம் வருசம், கார்த்திகை பதினொண்ணு, செவ்வாய்க்கிழமை. மறுநாள் பெரிய கார்த்திகை. கொழுக்கட்டைக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தவளிடம், "வாத்தியாருக்கு வண்டு பாத்துட்டு வாரேன். சாயந்தரம் வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு, பவுடர் டப்பா ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டு போனான். மத்தியானமே மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. ஆறு கரையை அறுத்துக்கொண்டு ஓடியது. ஊர் ஆட்கள் ஒரு வாரம் தேடினார்கள். சட்டைத் துணிகூடக் கிடைக்கவில்லை.

அது நடந்து எட்டு வருசம் ஆகப்போகிறது. பரிபூரணம் குங்குமத்தை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை.

மொபெட் ஒன்று வரப்பில் தடுமாறி வந்து நின்றது. ஐம்பது வயதுக்காரர் ஒருவர் இறங்கினார். தோளில் துணிப்பை.

"சங்கையா காவல் இருக்கிற தோப்பு இதுதானேம்மா?"

அவள் கம்பியைக் கீழே வைத்தாள். இருக்கிற என்று அவர் சொன்னது நெஞ்சில் போய் முட்டியது.

"நான் அவிய வீட்டுக்காரிதான். நீங்க யாரு சார்?"

"வைகுண்டராஜ். காலேஜ்ல விலங்கியல் வாத்தியாரு. எண்பத்தாறு ஜனவரியிலே நாகர்கோவிலுக்கு மாத்திட்டாங்க. இந்த ஜூன்லதான் திரும்ப வந்தேன், கிருஷ்ணன்கோவில்ல குடியிருக்கேன். சங்கையா எங்கே? அவர்கிட்ட ஒரு விவரம் கேக்கணும்."

"அவிய இல்ல சார். மலைக்குப் போனாவ, வரல."

"எப்போ வருவார்?"

"எட்டு வருசமா வரல."

அவள் ஓலைப்பாயைத் தட்டிப் போட்டு, செம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். என்ன விவரம் என்று அவள்தான் கேட்டாள். சொல்லலாமா வேண்டாமா என்ற யோசனையோடு அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். மலைத்தொடரின் படம். ஓரங்களில் ஊர்ப்பெயர்கள். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துச் சரிவில், ஏழு கறுப்புப் புள்ளிகள்.

"ஒரு மீசை வண்டு இருக்கும்மா. ஒடம்பைவிட ரெண்டு பங்கு நீளத்துக்கு மீசை. கரும்பச்சை முதுகில மஞ்சப் பட்டை. அது எங்கெங்கே இருக்குதுன்னு இருபது வருசமாப் பதிவு சேத்துக்கிட்டு வாரேன். எல்லாம் மேக்குச் சரிவுதான். நம்ம பக்கம் ஒண்ணே ஒண்ணு." செண்பகத்தோப்புக்கு நேரே தனியாக இருந்த புள்ளியை விரலால் தொட்டார். "இது உங்க வீட்டுக்காரர் பிடிச்சது. இப்போ மூணு மாசமா செண்பகத்தோப்பைச் சல்லடை போட்டுச் சலிச்சிட்டேன். அந்த வண்டு இல்லை. அது தின்கிற மரமே அங்கே இல்லை. அதான், எந்த இடத்தில பிடிச்சார்னு சரியாக் கேக்கலாம்னு வந்தேன்."

தாளின் அடியில் ஊரும் தேதியும் பிடித்தவர் பெயருமாக வரிசையாக எழுதியிருந்தது. பரிபூரணம் அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் படித்தவள். கடைசி வரியை எழுத்துக் கூட்டிப் படித்தாள். செண்பகத்தோப்பு. 14.12.85. சங்கையா.

இன்னொரு தடவை படித்தாள்.

"சார், இது டிசம்பரு மாசமா?"

"ஆமா."

"அவிய போனது நவம்பரு இருவத்தாறு."

வாத்தியார் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவர் கையிலிருந்த மோர் பாயில் சிந்தியது. "நான் பெட்டியைப் பாத்துட்டுச் சொல்றேம்மா. ஏதாவது தப்பு நடந்திருக்கலாம்" என்று எழுந்தவர், வண்டியைக் கிளப்ப நாலு தடவை மிதித்தார்.

அன்று பரிபூரணம் மிச்ச மரங்களைப் பார்க்கவில்லை. பதினெட்டு நாள் என்று கணக்குப் போட்டாள். அவன் செத்துவிட்டான் என்று யார் சொன்னாலும் இத்தனை வருசம் சண்டைக்குப் போனவள் அவள். இப்போது, போய்ப் பதினெட்டாம் நாள் அவன் உயிரோடு இருந்தான் என்று எழுத்தில் பார்த்ததும் அவன் வந்திருக்க வேண்டிய தூரத்தை அளந்து பார்த்தாள். செண்பகத்தோப்பில் இருந்து இங்கே வர ஒரு பகல் நடை. வண்டு பிடித்து வாத்தியாருக்குக் கொடுக்க நேரம் இருந்தவன், வீட்டுக்கு வரவில்லை. வேண்டாம் என்று போயிருக்கிறான்.

ஆற்றோடு போனவனை எட்டு வருசம் சுமந்துவிட்டாள். இப்படிப் போனவனை அவளால் ஒரு பொழுதுகூடச் சுமக்க முடியவில்லை.

செல்லக்கனி பேண்டேஜ் துணித் தறியில் வேலை பார்த்தாள். சாயந்தரம் தலைமுடி எல்லாம் பஞ்சாக வந்தாள். ஐப்பசியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தேவதானத்தில் விவசாயம் பார்க்கிற குடும்பம். போன வாரம் மாப்பிள்ளையின் தாய் இசக்கியம்மாள் பத்திரிகை அடிக்கிற விசயமாக வந்துவிட்டுப் போனாள். "சம்மந்தி, குத்தமா நெனைக்கப்பிடாது. பொண்ணோட அய்யா பேருக்கு முன்னால காலஞ்சென்றன்னு போடவா, வேண்டாமா? எங்க பக்கத்துல கேக்காவ. இருக்காருன்னா மேடையில நிக்கணும். இல்லைன்னா இல்லைன்னு இருக்கணும். ரெண்டுங்கெட்டானா எப்படிப் போடுறது? நீங்க நெத்தி நெறையப் பொட்டோட நிக்கிய, பாக்கவங்க என்னையத்தான் கேப்பாவ."

புரட்டாசி கழியட்டும் என்று மட்டும் பரிபூரணம் சொல்லி அனுப்பினாள்.

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அவள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் திருவண்ணாமலை என்கிற குன்றுக்குப் போவாள். பெருமாளைக் கும்பிடப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் படியோரம் உட்கார்ந்து ஏறுகிறவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அங்கே அவனைப் போல ஒருவரைக் கூட்டத்தில் பார்த்ததாக எண்பத்தாறில் ஒரு தகவல் வந்தது. அன்றிலிருந்து ஏழு வருசம். முதுகைப் பார்த்து ஓடிப்போய்த் தோளைத் தொட்டுத் திருப்பிய ஆட்கள் எத்தனையோ பேர். திட்டினவர்கள் உண்டு. ஒரு பெரியவர், "நான் இல்ல தாயி" என்று சொல்லிக் கையில் துளசியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் கம்பங்கூழைக் கரைத்து மகளுக்கு வைத்துவிட்டு, காணத்துவையல் அரைத்த கையோடு பஸ் ஏறிக் கிருஷ்ணன்கோவிலுக்குப் போனாள். காலேஜ் பஸ்கள் வரிசையாக நின்ற இடத்தைத் தாண்டி, விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். அவளை எதிர்பார்த்துக் காத்திருந்தவர் மாதிரி வாத்தியார் கதவைத் திறந்தார்.

மேசையில் கண்ணாடி மூடிய மரப்பெட்டி இருந்தது. திறந்ததும் பாச்சை உருண்டை வாடை மூக்கில் ஏறியது. வரிசை வரிசையாக வண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு ஊசியில். கடைசி வரிசையில் அது இருந்தது. ஒரு பக்க மீசை பாதியில் ஒடிந்திருந்தது. பச்சை முதுகின் விளிம்பில் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது.

"இது என்ன சார்?"

"செம்மண்ணுன்னு நினைக்கேன். கழுவினா நிறம் போயிரும்னு விட்டுட்டேன்." வாத்தியார் பழைய நோட்டைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். "தப்பு என்மேலதாம்மா. பிடிச்ச தேதி எனக்குத் தெரியலை. அதனால கையில வந்த தேதியைப் போட்டிருக்கேன். அவர் நேர்ல வரலை. கொடுத்து விட்டிருக்கார்."

"யாருட்ட?"

"தம்பின்னு சொன்னார். செண்பகத்தோப்பிலே அண்ணன் பிடிச்சார், உங்ககிட்ட கொடுக்கச் சொன்னார்னு. செத்துப் போன வண்டா இருந்தது. மண்ணா இருக்கேன்னு கேட்டேன். மழைன்னார். உக்காரச் சொன்னேன், உக்காரலை."

அன்றைக்குக் கொழுந்தன் ஆண்டிச்சாமியை இந்த வாத்தியாரிடம் அனுப்பியதே அவள்தான். "ஒங்கண்ணன் அங்கன வந்தாவளான்னு ஒரு எட்டுக் கேட்டுட்டு வா" என்று சொல்லித்தான் அனுப்பினாள். போய்வந்து, "வாத்தியாரு பாக்கவே இல்லைன்னுட்டாரு மதினி" என்றான்.

திரும்பும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினாள். ஆண்டிச்சாமி போலீஸில் சேர்ந்து ஏழரை வருசம் ஆகிறது. குவார்ட்டர்ஸ் வீட்டில், கைலியைக் கட்டிக்கொண்டு காக்கிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி சண்முகத்தாய் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போயிருந்தாள்.

"வாங்க மதினி. சொல்லி விட்டிருந்தா நானே வந்திருப்பேனே. சாப்பிடுறியளா?"

"வண்டப் பாத்துட்டு வாரேன், ஆண்டி."

அவன் இஸ்திரிப் பெட்டியை எடுக்கவில்லை. சட்டையிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. அவள்தான் போய்ப் பெட்டியைத் தூக்கி நிமிர்த்தி வைத்தாள். சட்டையின் முதுகில் முக்கோணமாக ஒரு பழுப்புக் கறை விழுந்திருந்தது.

"ஒங்கண்ணன் எங்க இருக்காவ?"

அவன் தரையில் உட்கார்ந்தான். பேசத் தொடங்கியபோது குரல் யாரோ பேசுவது மாதிரி இருந்தது.

"வழுக்குப்பாறை ஓடையில மதினி. அய்யனார் கோவிலுக்கு மேல மூணு மணி நேரம் ஏறணும்."

"நீயும் போயிருந்தியா?"

"போயிருந்தேன். ஒரு தோதகத்தி மரம் பாத்து வச்சிருந்தேன். கட்டில் செய்யலாம்னு. வெட்டுன மர வாடைக்கு அந்த வண்டு வரும்னு அண்ணனுக்குத் தெரியும். நீ வெட்டு, நான் வண்டப் பிடிச்சுக்கிடுதேன்னு சிரிச்சுக்கிட்டே வந்தான். சொன்ன மாதிரியே வந்துச்சு. பால் வடியுற எடத்துல வந்து ஒக்காந்துச்சு. பறந்து கீழ போயி விழுந்துச்சு. அவன் குனிஞ்சு அதப் பிடிச்சு டப்பாவுல போட்டுக்கிட்டு இருந்தான். மழை இறங்கிட்டு. மரம் சாய வேண்டிய பக்கம் சாயல. கத்துனேன் மதினி. மழைச் சத்தத்துல அவனுக்குக் கேக்கல."

"ஒடனேயா?"

"ஒடனே. ஒரு வார்த்த பேசல."

"பொறவு?"

"எனக்கு போலீஸ் ஆர்டர் வந்திருந்துச்சு. ஜனவரி அஞ்சு சேரணும். காட்டுக்குள்ள மரம் வெட்டுனேன்னு கேஸ் ஆனா வேலை போயிரும். அண்ணனைக் கொன்னுட்டேன்னு சொன்னாலும் சொல்லுவாவ. அங்கனயே மண்ணத் தோண்டி, கல்ல அடுக்கி..." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னுதான் இருந்தேன். ஆத்துல போயிட்டான்னு ஊரே பேசுச்சு. அப்படியே விட்டுட்டேன்."

"வண்ட எதுக்குக் கொண்டு குடுத்த?"

"அந்த டப்பா என்ட்டதான் இருந்துச்சு. உள்ள அது உசிரோட கெடந்தது. கீச்சு கீச்சுன்னு கத்தும். அஞ்சு நாள் கத்துச்சு. தொறந்து விடவும் பயமா இருந்துச்சு, கொல்லவும் பயமா இருந்துச்சு. செத்த பொறவும் எனக்குச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நீங்க வாத்தியாருட்ட போகச் சொன்னிய. அவன் பிடிச்சத அவருட்டயாச்சும் சேத்துருவோம்னு தோணுச்சு. எடத்த மட்டும் மாத்திச் சொல்லிட்டேன்."

பரிபூரணம் சுவரில் சாய்ந்தாள். ஒன்றைக் கேட்க வேண்டியிருந்தது. கேட்காமல் போய்விட்டால் நல்லது என்றும் தோன்றியது.

"திருவண்ணாமலையில அவியளப் பாத்ததா ஒரு ஆளு சொன்னான்னு நீதான வந்து சொன்ன. அது யாரு, ஆண்டி?"

அவன் தலையைத் தூக்கவில்லை.

"யாரும் இல்ல மதினி. நீங்க அப்பம் சோறு தண்ணி இல்லாமக் கெடந்திய. செல்லக்கனியக்கூடப் பாக்கல. ஏதாச்சும் சொன்னா எந்திரிப்பியன்னு நெனச்சேன். எந்திரிச்சுட்டிய. பொறவு எப்படி இல்லைன்னு சொல்ல?"

வாசலில் சண்முகத்தாயின் செருப்புச் சத்தம் கேட்டது. பிள்ளை "பெரியம்மா" என்று ஓடிவந்து அவள் சேலையைப் பிடித்தது. அவள் அதன் தலையில் கையை வைத்தாள்.

"ஞாயித்துக்கெழம காலையில தோப்புக்கு வா" என்று மட்டும் அவனிடம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்குள் இருவரும் அய்யனார் கோவிலைத் தாண்டிவிட்டார்கள். அவன் முன்னால் நடந்தான். பாதை என்று ஒன்றும் இல்லை, ஆனால் எங்கேயும் நின்று யோசிக்காமல் போனான். வருசா வருசம் வந்திருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. ஈஞ்சிப் புதர் சேலையைக் கிழித்தது. யானைச் சாணம் கிடந்த இடங்களில் நின்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு மேலே ஏறினார்கள்.

ஓடையில் தண்ணீர் இல்லை. இரண்டு பாறைக்கு நடுவே, ஆள் நீளத்துக்குக் கல் அடுக்கியிருந்தது. கல்லின்மேல் பாசி. பக்கத்திலேயே மரம் கிடந்தது. வெட்டினவன் அதைத் தொடவே இல்லை. எட்டு வருச மழையில் பட்டை உரிந்து, உடம்பெல்லாம் விரல் நுழைகிற துளைகளாக இருந்தது.

"தல எந்தப் பக்கம்?"

"கெழக்க. நம்ம ஊரு பக்கம்."

அவள் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. "கண்ணு தொறந்திருந்துச்சா?" என்று கேட்டாள். மூடிவிட்டேன் என்றான். "பசியோட போனாவ. கொழுக்கட்ட அவிச்ச பொறவு போங்கன்னு சொன்னேன், கேக்கல" என்றாள், கல்லைப் பார்த்து. பிறகு நெற்றிக் குங்குமத்தை முந்தானையால் துடைத்தாள். ஒரே துடைப்பில் போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தாள். தாலியைக் கழற்றி இரண்டு கல்லுக்கு இடையே உள்ளே போட்டாள். அது எங்கேயோ அடியில் போய் விழும் சத்தம் கேட்டது.

ஆண்டிச்சாமி அப்போதுதான் வாய்விட்டு அழுதான். பெரிய ஆள், அப்படியே மண்டியிட்டு, கல்லில் நெற்றியை வைத்து அழுதான். அவள் தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை.

"என்னைய என்ன செய்யச் சொல்லுதிய மதினி? ஸ்டேசன்ல போயிச் சொல்லணும்னா இன்னைக்கே சொல்லிருதேன்."

"ஒனக்கு ரெண்டு புள்ளைய இருக்கு. சண்முகத்தாய நடுத்தெருவுல நிறுத்திட்டு நான் எங்க போயி நிப்பேன்? ஆனா நான் மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்கிடாத. மரம் சாஞ்சது ஒங்கையில இல்ல. ஏழு வருசம் என்னைய அந்தப் படியில ஒக்கார வச்சியே, அது ஒங்கையிலதான் இருந்துச்சு."

இறங்கும்போது, இந்த இடத்தை யாருக்கும் சொல்லிவிட வேண்டாம் என்று இரண்டு தடவை கேட்டான். அவள் அவனைத் தாண்டி முன்னால் இறங்கினாள்.

செல்லக்கனியிடம் அவனையே சொல்ல வைத்தாள். அவள் முழுசாகக் கேட்டுவிட்டு, அவனைப் பார்க்காமல், "எங்கல்யாணத்துக்குச் சித்தப்பா வரட்டும். ஆனா எங்கய்யா நிக்க வேண்டிய எடத்துல அவிய நிக்கப்பிடாது" என்றாள். அப்படியே நடந்தது. பத்திரிகையில் பெயருக்கு முன்னால் ஒரு வார்த்தை சேர்ந்தது. ஊருக்கு அவன் ஆற்றோடு போனவனாகவே இருக்கட்டும் என்று கருமாதி ஆற்றங்கரையில் நடந்தது. தாரை வார்க்கும்போது மாப்பிள்ளையின் தாய்மாமன், எந்த உறவுக்காரரையும் எதிர்பார்க்காமல், பரிபூரணத்தையே கூப்பிட்டார். பொட்டில்லாத நெற்றியோடு அவள் மேடையேறினாள். இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். இசக்கியம்மாள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், அடங்கிவிட்டார்கள்.

கல்யாணம் முடிந்த மறுவாரம் வாத்தியார் தோப்புக்கு வந்தார். அவள்தான் சொல்லி அனுப்பியிருந்தாள். ஆண்டிச்சாமியையும் வரச் சொல்லியிருந்தாள். அவன் டூட்டி முடிந்த காக்கியோடு, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"சார், அந்தப் பதிவத் திருத்தணும். எழுதிக்கிடுங்க. எடம் செண்பகத்தோப்பு இல்ல, வழுக்குப்பாறை ஓடை. தேதி நவம்பரு இருவத்தாறு. பிடிச்சது அவியதான், அத மாத்த வேண்டாம்."

வாத்தியார் எழுதினார். நிமிர்ந்து அவள் நெற்றியைப் பார்த்தார், வாசலில் நின்றவனைப் பார்த்தார். எட்டு வருசத்துக்கு முன்னால் வந்த முகம் அது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பேனாவை மூடிக்கொண்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அம்மா, ஒரு வண்டை வச்சு இடத்தை உறுதியாச் சொல்ல முடியாது. அது இன்னும் அங்கே இருக்கான்னு பாக்கணும். ஒரு தடவை பாத்தாப் போதாது. வருசா வருசம், மழைக்கு முன்னாடி ஒண்ணு, மழைக்குப் பின்னாடி ஒண்ணுன்னு போகணும். நாலஞ்சு வருசமாவது ஆகும். பாரஸ்ட் ஆபீஸ்ல அனுமதி வாங்கிருவேன். வழி தெரிஞ்ச ஆள்தான் வேணும்."

பரிபூரணம் வாசலைப் பார்த்தாள்.

"ஆள் இருக்கு சார். ஒவ்வொரு தடவையும் அவன் கூட்டிட்டுப் போவான். அங்கன என்ன கேட்டாலும் சொல்லுவான்."

வாத்தியாரும் திரும்பிப் பார்த்தார். ஆண்டிச்சாமி தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். அதன் விளிம்பை ஒரு சுற்று தடவினான். மேற்கே மலைமேல் மழை இறங்கியிருந்தது.

"எப்பம் போகணும் சார்?" என்று கேட்டான்.